முதலில் திருத்தப்பட்ட தேதியைப் பாருங்கள்

முடக்குவாதத்துக்காக நான் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்து வருகிறேன். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். அந்த மாத்திரையையே தினமும் எடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, ரத்த அணுக்கள் குறைந்து, உயிர் போகலாம். போயிருக்கிறது, பல நாடுகளில், பல ஆண்டுகளாக. எனக்கு இதை முதலில் சொன்னவர் மருத்துவர். ஆனால் அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது ஐரோப்பிய மருந்துகள் முகமை தன் இணையதளத்தில் 2019-ல் வெளியிட்ட பக்கத்தைப் படித்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

அந்தப் பக்கம் நீளமானது அல்ல. ஏற்கெனவே எத்தனையோ எச்சரிக்கைகள் கொடுத்தும் தினசரி எடுத்துவிடும் தவறு நிற்கவில்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறது. அதனால் இனி இந்த மருந்தில் அனுபவமுள்ள மருத்துவர்கள் மட்டுமே இதை எழுதிக் கொடுக்க வேண்டும், மாத்திரைகள் போத்தலில் வராமல் அட்டையில்தான் வர வேண்டும், வாரம் ஒரு முறை என்று பெட்டியின் மேலேயே கண்ணில் படும்படி அச்சிட வேண்டும், நோயாளிக்கு ஒரு நினைவூட்டு அட்டை கொடுக்க வேண்டும் என்கிறது. மருத்துவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி, நோயாளிகளுக்குத் தனியாக ஒரு பகுதி. எனக்கென்று எழுதிய பகுதியில் நான் என்ன செய்ய வேண்டும் என்பது சில வரிகளில் இருந்தது. அரசு அமைப்பு ஒன்று என்னையும் ஒரு வாசகியாக நினைத்து எழுதியிருக்கிறதே என்று அன்று மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

மருத்துவர் சொல்வதற்குப் போட்டியாக நான் படிப்பதில்லை. அவரிடம் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போகத்தான் படிக்கிறேன். ஆனால் எங்கே படிப்பது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். மருந்துக்கு அனுமதி கொடுத்த அமைப்பு என்ன சொல்லியிருக்கிறது என்பது முதலில். மற்றதெல்லாம் அப்புறம். தேடுபொறியில் மருந்தின் பெயரைத் தட்டினால் வந்து விழும் பக்கங்கள் பலவற்றில் யார் எழுதியது, எப்போது எழுதியது, எதை வைத்து எழுதியது என்ற மூன்றுமே இருக்காது. ஒழுங்குமுறை அமைப்பின் ஆவணத்தில் மூன்றும் இருக்கும். நடை வறண்டு கிடந்தாலும் அதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய முறையில் ஒரு மருந்துக்கு இரண்டு முக்கியத் தாள்கள் உண்டு. ஒன்று மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும். இன்னொன்று பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அது. பெட்டித் தாளில் எப்போதும் ஆறு பகுதிகள்: மருந்து எதற்கு, எடுப்பதற்கு முன் தெரிய வேண்டியது, எடுக்கும் முறை, பக்கவிளைவுகள், பாதுகாக்கும் விதம், உள்ளே என்னென்ன இருக்கிறது. எந்த மருந்தானாலும் இதே வரிசை. ஒரு தாளைப் பழகிவிட்டால் போதும், அடுத்ததில் எங்கே எது இருக்கும் என்று தேட வேண்டியதே இல்லை. மருத்துவர்களுக்கான ஆவணத்திலும் இப்படித்தான்: 4.3 என்றால் யார் எடுக்கக் கூடாது, 4.5 என்றால் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா, 4.6 என்றால் கர்ப்பமும் தாய்ப்பாலும், 4.8 என்றால் பக்கவிளைவுகள். நான் பெரும்பாலும் நேராக 4.5-க்குப் போய்விடுவேன். சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் டிரைமெத்தோபிரிம் என் மருந்தோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையைக் கடுமையாகப் பாதிக்கலாம் என்பதை அங்கேதான் படித்தேன். வேறொரு மருத்துவர் வேறொரு நோய்க்கு மருந்து எழுதும்போது நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் அது.

இங்கே ஒரு சிக்கல், புதிதாகத் தேடுபவர்கள் பலர் மாட்டிக்கொள்வது. ஐரோப்பிய முகமையின் தளத்தில் எல்லா மருந்துகளும் இருக்காது. ஐரோப்பா முழுமைக்கும் ஒரே அனுமதி பெற்ற மருந்துகளின் முழு ஆவணங்கள் மட்டும்தான் அங்கே கிடைக்கும். பல பழைய மருந்துகளுக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனியாக அனுமதி கொடுத்திருப்பதால் அவற்றின் தாள்கள் அந்தந்த நாட்டுத் தளத்தில் கிடக்கின்றன. ஸ்பெயினின் சிமா என்ற தளம் இதற்கு நல்ல உதாரணம். தேடிக் கிடைக்கவில்லை என்றதும் இந்த மருந்துக்கு அனுமதியே இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அமெரிக்காவில் டெய்லிமெட் என்ற தளத்தை நான் அதிகம் பார்க்கிறேன். அதை நடத்துவது அங்குள்ள தேசிய மருத்துவ நூலகம். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவிடம் நிறுவனங்கள் தாக்கல் செய்த லேபிள்கள், அதாவது மருந்தைப் பற்றிய முழு விவர ஆவணங்கள், அங்கே வருகின்றன. ஒரே மூலப்பொருளைப் பல நிறுவனங்கள் தயாரித்தால் ஒவ்வொன்றின் லேபிளும் தனித்தனியாக நிற்கும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்: அங்கே இருப்பது எல்லாமே எஃப்டிஏ பரிசீலித்து அனுமதித்ததல்ல. அனுமதி பெறாத பொருட்களின் லேபிள்களும் அதே தளத்தில், அதே வடிவத்தில் இருக்கின்றன. லேபிளின் அடியில் எந்த வகையில் விற்பனைக்கு வந்திருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்காமல் ‘அரசுத் தளத்திலேயே போட்டிருக்கிறதே’ என்று நம்பிவிடக் கூடாது.

சரி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எந்த மருந்துத் தாளைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பதை. ஐரோப்பாவில் மருத்துவர்களுக்கான ஆவணத்தில் அது கடைசிப் பகுதியில், 10 என்ற எண்ணில் இருக்கும். அமெரிக்க லேபிளில் தொடக்கச் சுருக்கத்தின் முடிவில் மாதமும் ஆண்டும் இருக்கும். அண்மையில் பெரிய மாற்றம் நடந்திருந்தால் அதே சுருக்கத்தின் மேல்பகுதியில் எந்தப் பிரிவு மாறியது என்றும் போட்டிருப்பார்கள்.

ஏன் தேதி? மருந்து அனுமதி பெற்ற நாளில் தெரிந்தது கொஞ்சம்தான். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, மறுநாள் காலை வண்டி ஓட்டும் நேரத்திலும் ரத்தத்தில் கணிசமாக இருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுத்து, பெண்களுக்கான அளவைப் பாதியாக, 5 மில்லிகிராமாக, எஃப்டிஏ குறைக்கச் சொன்னது 2013 ஜனவரியில். இடையில் இருபது ஆண்டுகள். 2019-ல் இன்னொரு மாற்றம்: தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காகக் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்ந்தது. 2012-ல் எழுதிய கட்டுரை ஒன்று இணையத்தில் இன்றும் அப்படியே இருந்தால், அது எழுதப்பட்ட நாளில் சரியாகவே இருந்திருக்கும். இன்று அதை நம்பி ஒரு பெண் 10 மில்லிகிராமை வழக்கமான அளவு என்று நினைத்தால் என்ன ஆகும்?

காகிதத்துக்கும் இதே கதிதான். பெட்டிக்குள் இருக்கும் தாள் அச்சான நாளோடு நின்றுவிடுகிறது. ஜப்பான் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. 2021-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, மருத்துவர் சீட்டில் கொடுக்கும் மருந்துகளின் பெட்டிக்குள் தாள் வைக்கும் பழக்கத்தை நிறுத்தி, பெட்டியின் மேல் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் இருக்கும் புதிய ஆவணம் திறக்கும்படி மாற்றினார்கள். கடையில் நேரடியாக வாங்கும் மருந்துகளுக்குத் தாள் தொடர்கிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கண் மங்கிய முதியவர் ஒருவரிடம் போனை நீட்டச் சொல்வது எளிதல்ல, பூதக்கண்ணாடியோடு தாளை வைத்துப் படிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எப்போதும் புதிய தகவலே கண்ணில் பட வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம் சரியானது.

பக்கவிளைவுப் பட்டியலைப் பற்றி அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் மக்கள் பயந்து மாத்திரையை நிறுத்துவது அங்கேதான். ஐரோப்பியத் தாளில் ‘சாதாரணம்’ என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு: 10 பேரில் 1 பேர் வரை. ‘மிகச் சாதாரணம்’ என்றால் 10 பேரில் 1 பேருக்கும் அதற்கு மேலும். ‘அசாதாரணம்’ என்றால் 100 பேரில் 1 பேர் வரை, ‘அரிது’ 1,000 பேரில் 1 பேர் வரை, ‘மிக அரிது’ 10,000 பேரில் 1 பேர் வரை. எண் இல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்தால் மக்கள் ஆபத்தை உண்மையைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நானும் அப்படித்தான் படிப்பேன், நீங்களும் அப்படித்தான் படிப்பீர்கள். அதனால் சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

அமெரிக்க லேபிளில் 6-ஆம் பிரிவு இன்னும் நல்லது. பல மருந்துகளுக்கு அங்கே ஓர் அட்டவணை இருக்கும்: மருந்து எடுத்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தலைவலி, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு அதே தலைவலி. இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்தத் தலைவலிக்கு மருந்தைக் குறை சொல்ல முடியாது. இந்த ஒரு அட்டவணை தரும் தெளிவை வேறு எந்த மருத்துவக் கட்டுரையிலும் நான் கண்டதில்லை.

இதற்கு நேர் எதிரான பிரச்சினை, பக்கவிளைவு அறிக்கைகளைத் திரட்டி வைக்கும் தரவுத்தளங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தின் கீழ் ஸ்வீடனின் உப்சாலா நகரத்தில் 3 கோடிக்கும் அதிகமான அறிக்கைகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. 2015 முதல் விஜிஆக்சஸ் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் அதன் சுருக்கத்தைப் பார்க்கலாம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் தரவுத்தளங்களை இப்படித் திறந்துவைத்திருக்கின்றன.

என் சித்தி பல ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை எடுப்பவர். யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் பதறிப்போய்ப் போன் செய்தார். “ஆயிரக்கணக்கான பேருக்கு முடி கொட்டியிருக்காம், நெஞ்சு படபடப்பாம், அரசாங்கத் தளத்திலேயே போட்டிருக்காங்களாம். நான் நாளையிலிருந்து நிறுத்திடட்டுமா?” என்றார். “சித்தி, நிறுத்தவே நிறுத்தாதீங்க” என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் பொறுமையாக விளக்கினேன். அந்த எண் எத்தனை பேர் புகார் எழுதினார்கள் என்பதைச் சொல்கிறது. எத்தனை கோடிப் பேர் மாத்திரை எடுத்தார்கள் என்பது அதில் இல்லை. புகாரில் சொன்ன தொல்லை மருந்தால்தான் வந்ததா, நோயால் வந்ததா என்பதும் இல்லை. ஒரே சம்பவத்தைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட அறிக்கைகளும் இருக்கலாம். நிபுணர்கள் அந்தக் குவியலில் புதிய ஆபத்தின் அறிகுறியைத் தேடுகிறார்கள், அதற்கு அது விலைமதிப்பில்லாதது. தனக்கு என்ன ஆகும் என்று ஒருவர் தெரிந்துகொள்ள அது உதவாது. இதையெல்லாம் அந்தத் தளங்களே நுழைவாயிலில் எழுதி வைத்து, படித்துவிட்டேன் என்று நம்மை ஒப்புக்கொள்ள வைக்கின்றன. ஆனால் படம் எடுத்து அனுப்புகிறவர் நுழைவாயிலை வெட்டிவிட்டு எண்ணை மட்டும்தான் அனுப்புகிறார். தரவைத் திறந்துவைத்தது சரிதான். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலேயும் ‘இது எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்லாது’ என்று பெரிதாக எழுதலாமே என்பது என் ஆதங்கம்.

தைராய்டு மாத்திரை என்றதும் பிரான்ஸில் 2017-ல் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே சுமார் 30 லட்சம் பேர் எடுத்துவந்த லெவோதைராக்ஸ் மாத்திரையின் துணைப்பொருட்கள் மாறின. லாக்டோஸ் போய் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் வந்தன. மருந்தின் வீரியம் காலப்போக்கில் குறையாமல் நிலையாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பே கேட்டதால் செய்த மாற்றம் அது. மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் கடிதம் போனது. தினமும் காலையில் மாத்திரையை விழுங்குகிறவர்களுக்கு நேரடியாகச் சொல்ல யாரும் இல்லை. பலர் பெட்டியின் நிறம் மாறியதைத்தான் பார்த்தார்கள். சோர்வு, தலைவலி, முடி உதிர்வு என்று பல்லாயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. கடைசியில் பிரான்ஸ் சுகாதார அமைச்சகம் மருந்துத் தகவலை மக்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று ஆராய ஒரு குழுவையே அமைத்தது. 2018-ல் அறிக்கையும் வந்தது. வெளியிடுவது வேறு, கொண்டுசேர்ப்பது வேறு என்று நான் யாரிடமாவது வாதாடும்போது இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

எளிமையாக்குகிறேன் என்று இறங்கினாலும் ஆபத்து உண்டு. அமெரிக்க லேபிள்களில் 1979 முதல் கர்ப்பிணிகளுக்காக ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று ஐந்து எழுத்துகள் இருந்தன. பார்த்த உடனே புரிந்தது போலிருக்கும். அதுதான் அதன் கோளாறே. மக்கள் மட்டுமில்லாமல் மருத்துவர்களும் அதைத் தேர்வு மதிப்பெண் போலப் படித்தார்கள். எக்ஸ் என்றால் எல்லாவற்றிலும் கொடியது என்று நினைத்தார்கள். ஆனால் கருத்தடை மாத்திரையும் எக்ஸ்தான், கர்ப்ப காலத்தில் அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதற்காக. மனிதர்களில் போதுமான ஆய்வும் விலங்குகளில் ஆய்வும் நடக்காத மருந்தும், விலங்குகளில் தீங்கு தெரிந்த மருந்தும் சி என்ற ஒரே எழுத்தில் அடைந்தன. 2015-ல் அந்த எழுத்துகளைக் கைவிட ஆரம்பித்து, என்ன தெரியும், எதிலிருந்து தெரியும் என்று வாக்கியங்களாக எழுதச் சொன்னார்கள். படிக்க நேரம் ஆகும். ஆனாலும் அதுதான் நேர்மையான வழி.

அனுமதி மறுத்த கதைகளையும் வெளியிட வேண்டும் என்பது எனக்கு மிக முக்கியம். ஐரோப்பிய முகமை தான் மறுத்த விண்ணப்பங்களையும், நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்ட விண்ணப்பங்களையும் காரணத்தோடு தளத்தில் போடுகிறது. எஃப்டிஏ அனுமதி தந்த மருந்துகளின் மதிப்பாய்வு அறிக்கைகளை நீண்ட காலமாக வெளியிட்டாலும், மறுப்புக் கடிதங்களைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்திருந்தது. 2025 ஜூலையில் இருநூறுக்கும் மேற்பட்ட அத்தகைய கடிதங்களை ஒரே தடவையில் வெளியிட்டது. நல்ல தொடக்கம். கர்ப்பிணிகள் எடுத்ததால் குழந்தைகள் கடுமையான குறைபாடுகளோடு பிறக்கக் காரணமான தாலிடமைடு மாத்திரையை அமெரிக்காவில் அனுமதிக்க மறுத்த எஃப்டிஏ அதிகாரி பிரான்சிஸ் கெல்சியின் சந்தேகங்களையும் கேள்விகளையும் 1960-61-ல் பொதுமக்கள் யாராலும் படித்திருக்க முடியாது. அன்று மற்ற நாடுகளில் அந்த மாத்திரையை வாங்கிய கர்ப்பிணிகளுக்கு அந்தக் கேள்விகள் தெரிந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பா முழுமைக்கும் ஒரே அனுமதி பெற்ற மருந்தின் தாளை ஐரோப்பிய முகமை இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியிடுகிறது. அதற்கும் மேல், வெளியிடுவதற்கு முன் சாதாரண மக்களிடம் தாளைக் கொடுத்து, தேடியது கிடைக்கிறதா, கிடைத்தது புரிகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆங்கிலம் தெரிந்தவர் படித்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டால், மாத்திரை எடுப்பவருக்கும் தகவலுக்கும் நடுவில் எப்போதும் இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கிறது. என் குடும்பத்தில் அந்த இன்னொருவர் நான். எனக்கு அதில் சலிப்பில்லை. ஆனால் அப்படி ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டார்.

கடைசியாக, இந்தத் தளங்கள் நமக்குச் சொல்வதற்கு மட்டுமானவை அல்ல, நாமும் அவற்றுக்குச் சொல்லலாம். பிரிட்டன் தாலிடமைடுக்குப் பிறகு 1964-ல் பக்கவிளைவுகளை அரசுக்குத் தெரிவிக்கும் மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியபோது மருத்துவர்கள்தான் எழுதினார்கள். 2005-லிருந்து நாடு முழுவதும் நோயாளிகளே நேரடியாக எழுதலாம். இப்போது பல நாடுகளின் ஒழுங்குமுறைத் தளங்களில் பொதுமக்களுக்கான படிவம் உண்டு. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். எழுதும்போது மருந்தின் பெயரோடு தயாரித்த நிறுவனத்தையும், அட்டையில் உள்ள தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்), எந்த நாளில் ஆரம்பித்தீர்கள், எந்த நாளில் தொல்லை தொடங்கியது, நிறுத்தியதும் சரியானதா, கூடவே வேறு என்னென்ன எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூலிகை மருந்தையும் விட்டுவிடாதீர்கள். அட்டை தீர்ந்ததும் தூக்கிப்போடுவதற்கு முன் தொகுதி எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியிருக்காது.